பாம்புகளுக்கு நடுவே ஒரு தலைநகரம்

புதிதாக ஒரு மாநிலம் பிறந்தால், கட்டடங்கள் எழும்பும்வரை கிடைத்த இடத்தில் நிர்வாகம் நடப்பது வழக்கம்தான். 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது, கர்னூலில் பல அரசு அலுவலகங்கள் கூடாரங்களில் இயங்கின. கனடாவில் ஒரு போலீஸ் முகாமே தலைநகரமாக இருந்திருக்கிறது!

அதன் பெயர் லிவிங்ஸ்டன் கோட்டை. இன்றைய சஸ்காட்செவன் மாகாணத்தில், பெல்லி என்ற சிற்றூருக்கு அருகே, ஸ்வான் ஆற்றங்கரையில் இருந்தது. 1873இல் தொடங்கப்பட்ட வடமேற்குக் குதிரைப் போலீஸ் படைக்காக, அடுத்த ஆண்டே இங்கே மரக் கட்டடங்களைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

இடத்தேர்வுதான் கோளாறு. பாறைகள் நிறைந்த திறந்த மேடு; வாடைக்காற்று நேராக வந்து அறையும். ஈரம் காயாத பலகைகளில் கட்டியதால் சுவரெல்லாம் இடுக்கு விட்டு, பனி உள்ளே புகுந்தது. குளிர் விலகினால் பாம்புகள்! குளிர்காலம் முழுவதும் பாறை இடுக்குகளில் உறங்கியவை கூட்டம் கூட்டமாக வெளியே வரும். விஷமில்லாதவைதான் என்றாலும், படுக்கைக்குப் பக்கத்தில் நெளிந்தால் யாருக்குத் தூக்கம் வரும்?

1876இல் வடமேற்குப் பிரதேசத்துக்குத் தனி நிர்வாகம் வந்தது. தலைநகராக முடிவான பேட்டில்ஃபோர்டில் கட்டடங்கள் தயாராகவில்லை. எனவே ஆளுநர் டேவிட் லெயர்ட் அந்த நவம்பரில் லிவிங்ஸ்டனில் பதவியேற்றார். 1877 மார்ச் மாதம் அவரது சிறிய ஆலோசனை சபை அங்கே கூடியது. சபையில் போலீஸ் தலைவர் ஜேம்ஸ் மக்லியோடும் ஓர் உறுப்பினர்.

அந்தச் சபை போட்ட சட்டங்களில் ஒன்று, காட்டெருமைகளைக் காப்பதற்கானது. கன்றுகளைக் கொல்லக் கூடாது, கூட்டத்தோடு பட்டிக்குள் விரட்டி அழிக்கக் கூடாது, பசுக்களை ஆண்டின் பல மாதங்கள் வேட்டையாடக் கூடாது என்றது சட்டம். ஆனால் காட்டெருமையே பூர்வகுடிகளின் சோறு. பரந்த புல்வெளியில் சட்டத்தை அமல்படுத்துவதும் சிரமம். எதிர்ப்பு வலுத்து, 1878இல் சட்டம் ரத்தானது. அடுத்த சில ஆண்டுகளில் கனடாப் புல்வெளியிலிருந்து காட்டெருமைகள் ஏறக்குறைய மறைந்தன. அவற்றையே நம்பியிருந்த பூர்வகுடிகள் பசியில் தவித்தார்கள்.

தலைநகரம் 1877லேயே பேட்டில்ஃபோர்டுக்குப் போய்விட்டது. எஞ்சியிருந்த கோட்டையை 1884இல் காட்டுத்தீ விழுங்கியது. இன்று அந்த இடம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். அங்கே போகிறவர்கள் பார்ப்பது பாறைகளையும் புல்லையும்தான். ஒரு காலத்தில் புல்வெளியில் மேய்ந்த காட்டெருமைகளுக்காகச் சட்டம் எழுதப்பட்ட இடமும் அதுதான்.