வீட்டுக்குப் பின்னால் ஷட்டில் கோர்ட்... களிமண் நிலத்தில் காசை எங்கே போடுவது?

பத்தாம் வகுப்பு வரை பள்ளி அணியில் ஷட்டில் ஆடிய பெண், பதினொன்றாம் வகுப்பில் மட்டையைப் பரண்மேல் போட்டுவிடுவது கிராமத்து வீடுகளில் புதிதல்ல. ''பொழுது சாஞ்ச நேரத்துல மந்தையில போய் ஆம்பளப் பயலுகளோட நிக்க வேணாம்'' என்று அப்பத்தா ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆட்டம் நின்றுவிடும். பின்கட்டில் நாலு சென்ட் சும்மா கிடக்கிற அப்பாவுக்கு, 'நாமே ஒரு கோர்ட் போட்டுக் கொடுத்தால் என்ன?' என்று தோன்றுவது அப்போதுதான். நல்ல ஆசை. நிலம் களிமண்ணாக இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

போடிநாயக்கனூரை ஒட்டிய பொட்டிபுரத்தில் மண்ணைப் பற்றிப் பேசுவது புதிதில்லை. 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த நியூட்ரினோ ஆய்வகத்துக்காக அங்கே மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம் என்ற திட்டம் வந்தபோது பாறை, நிலத்தடி நீர், வெடி அதிர்வு என்று ஊரே விவாதித்தது. ஷட்டில் கோர்ட்டுக்கு இரண்டடி தோண்டினால் போதும். ஆனால், போட்ட காசு நிற்குமா போகுமா என்பதை அந்த இரண்டடிதான் முடிவு செய்யும்.

முதலில் மண்ணைப் பாருங்கள். ஓரடி ஆழத்தில் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, முறுக்கு மாவுபோல மெல்லிய திரியாக உருட்டி வளையமாகச் சுற்றுங்கள். உடையாமல் வளைந்தால் களி அதிகம். இன்னொரு சோதனையும் உண்டு. ஓரடிக் குழி தோண்டி, மாலையில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் படுங்கள். காலையிலும் தண்ணீர் நின்றால், உங்கள் மண் தண்ணீரை விடாத மண்.

''நாலு இஞ்ச் கான்கிரீட் போட்டுடலாம் சார், ரெண்டு நாள் வேலை'' என்பார் மேஸ்திரி. பெரும்பாலான வீடுகள் ஏமாறுவது இங்கேதான். கரிசல் போன்ற களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கான்கிரீட்டுக்கு நடுவில் இருக்கும் மண் மூடிக்கிடப்பதால் ஈரம் அதிகம் மாறாது. ஓரத்து மண் மட்டும் ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் சுருங்கும். ஓரம் ஏறி இறங்க, நடு அசையாமல் நிற்க, பலகை வெடிக்காமல் என்ன செய்யும்? கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு, கோடையில் சுவரில் விழும் விரிசலும் அடைக்க மறுக்கும் கதவும் நன்றாகவே தெரியும்.

பிரெஞ்ச் ஓப்பன் டென்னிஸை 'களிமண் தரை' என்கிறோமே, அங்கே மேலே இருப்பது களிமண்ணே இல்லை. ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவிய செங்கல் பொடி! அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல், சரளை, கல் என்று அடுக்கடுக்காகப் போட்டிருக்கிறார்கள். செலவு முழுக்க கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்.

நம் கொல்லைக்கும் அதே கணக்குதான். கோர்ட் 44 அடிக்கு 20 அடி. சுற்றிலும் ஓடியாட இடம் விட்டால் 56-க்கு 30 என்று வரும். ஏறக்குறைய நாலு சென்ட். நீளம் தெற்கு வடக்காக இருக்கட்டும், மாலை வெயில் கண்ணில் அடிக்காது. ஒன்றரை அடி களியை எடுத்துவிட்டு, கிராவலை அரையடி அரையடியாகக் கொட்டி, லேசாக நனைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் ரோலர் ஓட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் அடுத்த மழையில் பள்ளம் விழும். கண்மாய் வண்டல் சும்மா கிடைக்கிறதென்று அதைக் கொட்டிவிடாதீர்கள். தென்னைக்கு அது சத்து, கோர்ட்டுக்கு மறுபடியும் அதே களிதான்.

இதில் பலரும் கோட்டைவிடும் விஷயம் ஒன்று உண்டு. களிமண்ணில் குழி தோண்டிச் சரளை நிரப்பினால் அது ஒரு தண்ணீர்த் தொட்டி. மழைநீர் உள்ளே இறங்கும், வெளியே போக வழியிருக்காது. அதனால் குழியின் அடித்தளத்தையே ஒரு பக்கம் சரிவாக வெட்டி, தாழ்ந்த முனையில் குழாய் வைத்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மேல்தளம் சுற்றுத்தரையைவிட அரையடி உயரமாக, பத்தடிக்கு ஓர் அங்குலம் சரிவாக இருக்கட்டும். சுற்றிலும் ஒரு வாய்க்கால். கூரைத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் அந்தப் பக்கமே வரக்கூடாது. பக்கத்தில் பெரிய வேம்பு இருந்தால், வேர் ஈரத்தை உறிஞ்சி ஒரு மூலையை மட்டும் கீழே இறக்கிவிடும். மரத்தை வெட்ட வேண்டாம், கோர்ட்டைத் தள்ளிப் போடுங்கள்.

வேலையைத் தை மாதம் ஆரம்பிக்கலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண் சேறாகவும் இல்லாமல் பாறையாகவும் இல்லாமல் இருக்கும் நேரம். முதல் வருஷம் கான்கிரீட்டே வேண்டாம். மேலே சலித்த செம்மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து இறுக்கி, சுண்ணாம்பில் கோடு போட்டு ஆடட்டும். சோளமும் நெல்லும் அடிக்கக் களம் போட்ட ஊர்களுக்கு மண்ணை நனைத்து, அடித்து, மெழுகி இறுக்குவதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. விழுந்தால் முட்டியும் தப்பும். ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கி, எங்கே இறங்குகிறது என்று தெரிந்தபிறகு சிமென்டைப் பற்றி யோசிக்கலாம். மண் தரையே போதும் என்று விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை.

காற்று மட்டும் நம் கையில் இல்லை. 5 கிராம் எடையுள்ள இறகுப்பந்தை ஆடிக்காற்று பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அந்த மாதங்களில் காற்று எழும்பும் முன் விடியற்காலையில் ஆடலாம். இல்லையென்றால் 30 கிராம் வரை எடையுள்ள கம்பளிப் பந்தில் ஆடும் நம்ம ஊர் பூப்பந்து இருக்கிறது. அதன் முழு அளவு மைதானம் 24 மீட்டருக்கு 12 மீட்டர். ஏழு சென்ட் பிடிக்கும் என்பதால், இருக்கிற இடத்தில் சின்னதாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சிமென்டில் மிச்சம் பிடித்த காசில் நல்ல வலை வாங்குங்கள். கம்பத்தருகே 5 அடி 1 அங்குலம், நடுவில் 5 அடி உயரம். கம்பத்தில் இரண்டு எல்.இ.டி விளக்கும் மாட்டிவிடுங்கள். ட்யூஷன் முடிந்து பெண் பிள்ளைகள் வீடு திரும்பவே மணி ஏழாகிவிடுகிறது.