வாயு

1989இல் வெளியான ஆஸ்பிரின் ஆய்வில் பங்கேற்ற 22,071 பேரும் அமெரிக்காவின் ஆண் மருத்துவர்கள். ஒரு பெண்கூட இல்லை. மாத்திரை முதல் மாரடைப்பைக் குறைக்கிறது என்றது அந்த ஆய்வு. 39,876 பெண்களிடம் சோதித்த முடிவு வெளிவர 2005 ஆயிற்று. அவர்களிடம் மொத்தத்தில் மாரடைப்பு குறையவில்லை. பக்கவாதம்தான் ஓரளவு குறைந்தது. பதினாறு ஆண்டுகள் ஆணின் இரத்தத்தை வைத்தே நம் இரத்தத்துக்கும் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது கொல்லிமலை குண்டூர் நாட்டிலிருக்கும் என் சின்னம்மாவுக்காக. 12 வருடமாகச் சர்க்கரை. ஒருநாள் தாடையும் முதுகும் வலிக்கிறது, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது என்றாள். கொண்டை ஊசி வளைவுகள் எழுபதையும் இறங்கிப் போய்க் காட்டினோம். "வாயுதான்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வேறிடத்தில் எடுத்த ஈசிஜியில்தான் மாரடைப்பு என்று தெரிந்தது. பிழைத்துவிட்டாள், இதயத் தசையில் ஒரு பகுதி பிழைக்கவில்லை. துணைக்கு வந்த சித்தப்பா நெஞ்சைப் பிடித்திருந்தால் அன்றைக்கே ஈசிஜி எடுத்திருப்பார்கள்.

மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு இருக்கும் பாதுகாப்பைச் சர்க்கரை பெருமளவு பறித்துவிடுகிறது. நரம்பு மரத்துப்போனால் நெஞ்சு வலியே தெரியாமலும் போகலாம். உள்ளே நடப்பதை அழற்சி என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. (கலைச்சொல் ஆக்கியவர்களோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, இந்தச் சொல்லில் இல்லை.) வயிற்றுக் கொழுப்பு அனுப்பும் செய்தியைக் கேட்டுக் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜனும் ஏறுகிறது. உறைந்ததைக் கரைக்கவிடாமல் பிஏஐ-1 என்ற புரதம் மறிக்கிறது.

"உறை கூடிப்போச்சு சின்னம்மா, கரைக்கத்தான் ஆளில்லை" என்றேன்.

"அப்போ உள்ள தயிராத்தான் ஓடுதா?" என்று சிரித்தாள்.

சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர்களிடம் சிஆர்பி கூடுதலாக இருப்பதைச் சென்னையில் மருத்துவர் மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் ஈறு வீங்கினாலும், காய்ச்சல் வந்தாலும்கூட அந்த எண் ஏறும். அதை மட்டும் பார்த்து எதையும் முடிவுகட்ட முடியாது. நோயாளி வாய்விட்டுச் சொல்வதைக் கேட்கவும் வேண்டும்.

2023 முதல் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் கிடைக்கின்றன: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின். மாரடைப்பு வந்த நேரத்தில் ஆஸ்பிரின் ஆணுக்கும் பெண்ணுக்கும் உதவும். முன்சொன்ன ஆய்வுகள் நோய் வராதவர்களைப் பற்றியவை. இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் மலைக்கு இது பெரிய காரியம். ஆனால் வந்திருப்பது மாரடைப்பாக இருக்கலாம் என்று எவருக்காவது தோன்றினால்தானே அந்த டப்பா திறக்கும்?

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுவீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாத்திரையைக் கொடுக்கும்போதே தாடை வலி உண்டா, முதுகு வலி உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று மூன்று கேள்விகள் அவர்கள் கேட்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சின்னம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.