மூச்சின் அளவு

2020 ஜூன் 2 அன்று, சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் கடும் மூச்சுத்திணறலோடு குரோம்பேட்டை ரேலா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கொரோனா. மறுநாளே வென்டிலேட்டர். முன்பே கல்லீரல் மாற்று சிகிச்சை பெற்றவர் என்றும் செய்திகள் கூறின. அந்த மருத்துவ அறிக்கைகளை நெமிலிச்சேரியில் நாங்கள் ஒன்றுவிடாமல் வாசித்தோம். (குரோம்பேட்டைப் பக்கமும் ஒரு நெமிலிச்சேரி உண்டு. எங்களுடையது ஆவடிக்கு மேற்கே, திருநின்றவூருக்கு முந்தைய நிலையம்.) அரசியல் ஈடுபாடு காரணமன்று. எங்கள் பெரியப்பாவுக்குக் கல்லீரல் சுருக்க நோய். வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அன்பழகனுக்கு ஆக்சிஜன் தேவை குறைகிறது என்ற செய்தி வந்த அன்று பெரியப்பா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். ஜூன் 10, தமது 62ஆம் பிறந்த நாளன்றே அன்பழகன் காலமானார்.

"நமக்கு அந்த நிலை வந்தா குழாய் வைக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்கத் தொடங்கினார் பெரியப்பா. விடை தேடி நாங்கள் படித்தோம்.

நீர் கோத்து விறைத்த நுரையீரலுக்குள் எந்திரம் அதிகக் காற்றைத் திணித்தால், எஞ்சியிருக்கும் நல்ல பகுதியும் சிதையும். 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று, 861 நோயாளிகளைக் கொண்டு இதை நிறுவியது. மூச்சொன்றுக்குக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று பெற்றவர்களில் 39.8 சதவீதத்தினர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் பெற்றவர்களில் 31 சதவீதத்தினர். அந்தக் கிலோ தராசு காட்டும் கிலோ அன்று, உயரத்தைக்கொண்டு கணக்கிடுவது. பெரியப்பாவின் உயரம் 165 சென்டிமீட்டர். கணக்கின்படி எடை 61.5 கிலோ, மூச்சுக்குச் சுமார் 370 மில்லி. தராசிலோ வயிற்று நீரும் சேர்ந்து 80 கிலோ! அதை நம்பினால் 480 மில்லி போய்விடும்.

ஆனால் அந்த ஆய்வில், கல்லீரல் நோய் முற்றியவர்களைச் சேர்க்கவே இல்லை. வேறு காரணத்தால் இறக்கக்கூடியவர்களை விலக்குவது ஆய்வு முறைக்குச் சரிதான். எங்களுக்குத்தான் அது உறுத்தியது. வயிற்று நீர் உதரவிதானத்தை மேலே தள்ள, நுரையீரலின் குற்றமின்றியே எந்திரம் அழுத்தத்தை உயர்த்திக் காட்டும். சில வேளை நீரை வடித்தாலே குறையும். நுரையீரலைத் திறந்து வைக்க அழுத்தத்தைக் கூட்டினால், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து சிறுநீரகம் வாடும். மயக்க மருந்தைக் கழிக்க வேண்டிய கல்லீரலே நோயில் கிடப்பதால், உறக்கம் மருந்தாலா நோயாலா என்று பிரித்தறிவதும் கடினம்.

ஆவடியில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் நிதானமாகச் சொன்னார்: நிமோனியா போலத் தீர்க்கக்கூடிய காரணமென்றால் வைக்கலாம், ஆனால் சில நாட்கள் என்று முன்பே கெடு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் மற்ற உறுப்புகளும் சோர்ந்தால் மறுபடி உட்கார்ந்து பேசலாம்.

பெரியம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை. மூச்சுக்குக் கெடு வைப்பதாவது! இரண்டு நாள் பேசவில்லை. பெரியப்பாவோ தம் கைப்படவே ஒரு தாளில் எழுதினார்: உயரம் 165, எடையைப் பார்க்க வேண்டாம், ஐந்து நாள். அவ்வாண்டு அது தேவைப்படவில்லை. தாளை ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்தவர் பெரியம்மாதான்.