மரம் பாடிற்றோ, மனம் பாடிற்றோ?

இசை கேட்பதில் ஆசையுடையார் பலர். தாம் கேட்டது இன்னதென்று உள்ளவாறு எடுத்துரைப்பார் சிலர். அச்சிலருள் யானும் ஒருவன் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மாணவப் பருவத்தில் நம் கல்லூரி ஆலயப் பாடகர் குழுவில் மூன்றாண்டுகள் டெனார் குரலிற் பாடியதும், ஹார்மோனியத்தின் சுருதி சற்றே பிசகினும் முகஞ்சுளிக்கும் என் வழக்கமும் அவ்வெண்ணத்துக்கு ஆதாரங்களாயிருந்தன. அவ்வெண்ணம் எவ்வாறு தளர்ந்ததென்பதைச் சொல்லவே இதனை எழுதப் புகுந்தேன்.

விடுதியில் என்னுடன் ஒரே அறையில் வசித்த நண்பரொருவர் இப்போது சென்னையில் உத்தியோகத்திலிருக்கிறார். அவர் ஒருநாள் சிறு பேழையொன்றை ஏந்தி என் இல்லம் வந்தார். பேழையைத் திறந்தபோது, மேப்பிள் மரத்திற் கடைந்து மெருகேற்றிய இரு சிறு பொருள்கள் தோன்றின. காதின் துளையுட் செருகி இசை கேட்டற்குரிய இன்-இயர் மானிட்டர் என்னும் உயர்தர இயர்போன் அது. அவருடைய அலுவலகத் தோழர் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்தது; இப்போது விற்க விரும்புகிறாராம்.

"இதன் விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். மகளின் கல்லூரிக் கட்டணம் போக மிஞ்சியதில் ஈராண்டாய்ச் சேர்த்த பணம் கையிலிருக்கிறது. உம் செவியை நம்புகிறேன். பத்து நாள் கேட்டுப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொல்லும்" என்று கூறிச் சென்றார்.

இசைக்கு உரியது மரமே என்று கொள்ளுதல் தொன்றுதொட்ட வழக்கம். நம் வீணைக்குப் பலாமரமும், வயலினின் மேற்பலகைக்கு ஸ்புரூஸ் மரமும், அடிப்பலகைக்கு மேப்பிள் மரமும் கொள்வர். ஜப்பானில் 1927-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற விக்டர் கம்பெனியார், ஒலிபெருக்கியின் அதிர்தகட்டையே மரத்தாற் செய்ய முயன்றனர். மெல்லிய பிர்ச் மரத்தகட்டைக் கூம்பாக வளைக்கும்போது அது பிளந்துபோயிற்று. சாக்கே என்னும் அரிசி மதுவில் ஊறவைத்த பின்னரே வளைந்து கொடுத்தது. அம்முறையிற் செய்த ஒலிபெருக்கி 2003-இல் விற்பனைக்கு வந்தது. மர அதிர்தகடு கொண்ட இயர்போனை 2008-இலும், மேப்பிள் கூட்டின்மேல் உருஷி என்னும் மரப்பால் மெருகு பூசிய மற்றொன்றை 2018-இலும் அவர்கள் வெளியிட்டனர். பின்னதன் விலை ஏறத்தாழ 180,000 யென். அக்காலத்து நாணய மாற்றில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல். நண்பர் கொணர்ந்தது வேறொருவர் செய்தது; அதிற் கூடு மட்டுமே மரம். எனினும் இக்கதைகளையெல்லாம் யான் முன்னமே படித்திருந்தமையால், இசை என் செவியுட் புகுமுன் அவை புகுந்து அமர்ந்துவிட்டன.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு வீணைக் கச்சேரி ஒன்றைக் கேட்டேன். மந்தரத் தந்தியின் கார்வை நெஞ்சின் நடுவே எழுவது போலிருந்தது. மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படுவதும் எடுபடுவதும் தனித்தனியே கேட்டன. மகிழ்ச்சி தாங்காமல் நள்ளிரவிலேயே நண்பருக்குக் கைப்பேசி வழியே நீண்ட மடலொன்று விடுத்தேன். "மரத்தின் உயிரே இதிற் பேசுகிறது. உச்சத்து நுண்ணொலிகளும் ஒன்று விடாமற் கேட்கின்றன. தயங்காமல் வாங்கும்" என்பது அதன் சாரம்.

நான்காம் நாட் காலையில், நடந்து வருவதற்காக என் பழைய உலோக இயர்போனை எடுத்துச் சென்றேன். தெருவின் இரைச்சலுக்காகச் சற்றே ஒலியைக் கூட்டினேன். அதே வீணை, அதே மந்தரத் தந்தி, ஏறக்குறைய அதே கார்வை! நடுத்தெருவில் நின்றுவிட்டேன். மடல் எழுதிய கை கூசிற்று.

அன்று மாலை நம் பௌதிகப் பரிசோதனைச்சாலையை அடைந்தேன். அங்குள்ள உதவியாளர், காதுத்துளையின் நீளமாகிய சுமார் 25 மில்லிமீட்டர் அளவில் ஒரு ரப்பர்க் குழாயை நறுக்கி, அதன் கோடியிற் சிறிய மைக்ரோபோன் ஒன்றைப் பொருத்தினார். இரண்டு இயர்போன்களையும் ஒவ்வொன்றாகக் குழாயிற் செருகி, கைப்பேசியின் ஒலியளவை மாற்றாமல் 1000 ஹெர்ட்ஸ் நாதத்தை ஒலிப்பித்தோம். மரத்தது 3 டெசிபெல் உரத்து ஒலித்தது. ஓரிரண்டு டெசிபெல் வேற்றுமையைச் செவி 'உரப்பு' என்று உணர்வதில்லை; 'தெளிவு' என்றும் 'நிறைவு' என்றுமே உணரும். யான் மரத்தின் உயிரென்று புகழ்ந்ததிற் பெரும்பகுதி அந்த 3 டெசிபெல்லே.

மற்றொரு காரணமும் வெளிப்பட்டது. மரத்ததன் சிலிக்கோன் முனை என் காதுத்துளையை இடைவெளியின்றி அடைத்தது. பழையதன் முனையோ தேய்ந்து தளர்ந்திருந்தது. சிறு கசிவிருந்தாலும் கீழ்ச்சுரங்கள் மெலிந்து போகும். இரண்டுக்கும் ஒரே அளவான புதுமுனைகளை மாட்டி, ஒலியையும் சமன் செய்தபின், மலைபோல் நின்ற வேற்றுமை மேடளவாயிற்று.

உச்சத்து நுண்ணொலிகளைப் பற்றி எழுதினேனே, அதனையும் சோதித்தோம். இளமையில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடிய மனிதச் செவி, வயது ஏற ஏற உச்சியிலிருந்து குறைந்துகொண்டே வரும். நாதத்தைப் படிப்படியாக உயர்த்தியபோது என் செவி 12,000-த்தில் நின்றுவிட்டது. அருகிலிருந்த மாணவர் 17,000 வரையிற் கையுயர்த்திக்கொண்டிருந்தார். எனக்குக் கேளாத ஒலிகளுக்கும் சேர்த்தே யான் சான்று கொடுத்திருக்கிறேன்!

கண்ணை மூடிக்கொண்டு எது எதுவெனக் கண்டறியலாமென்று முயன்றேன். அதுவும் இயலவில்லை. காதுக்குள் செருகும் பொருளாதலின், அதன் எடையும் வடிவமுமே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஆகவே விலையோ பெயரோ அறியாத பாடகர் குழு மாணவர் அறுவரை அழைத்து, இரண்டையும் துணியாற் சுற்றி, முனைகளை ஒவ்வொரு முறையும் துடைத்துக் கொடுத்து, நம் ஆலயத்திற் பதிவு செய்த கிறிஸ்துமஸ் கீதத்தையே கேட்பித்தேன். அவ்வாலயத்தில் தினந்தோறும் பாடுகிறவர்களுக்கு அதன் நாதம் எத்தகையதென்று நேரே தெரியுமன்றோ? மூவர் மரத்ததை விரும்பினர். மூவர் உலோகத்ததை விரும்பினர். அறுவர் வாக்கு முடிந்த முடிவாகாது. ஆயினும் என் மடலின் உறுதியைக் குலைக்க அதுவே போதுமானதாயிற்று.

பின்னர் அமைதியாக ஆலோசித்தபோது அடிப்படையிலேயே பிழைத்தேன் என்று கண்டேன். வீணையின் குடமும் வயலினின் உடலும் அதிர்தற்கென்றே அமைந்தவை. அவற்றின் மரம் பாடவேண்டும். இயர்போனின் கூட்டுக்கோ அதிராதிருத்தலே கடமை. அதன் மரம் வாய்மூடி நிற்கவேண்டும். மரம் அதிர்வை விரைவில் அடக்குமாதலின் அக்கடமைக்கு ஏற்றதே. கவனமாக அமைத்த உலோகமும் பிளாஸ்டிக்கும் அதனைச் செய்யக்கூடும். நாதத்தின் குணத்தைப் பெரிதும் அமைப்பது, எந்தச் சுரத்தை எவ்வளவு உரப்பில் தருவதென்று செய்வோன் வகுத்த அளவு. ஜெரோன் பிரீபார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவுகளை ஆராய்ந்து, அவ்வளவுக்கும் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2017-இல் வெளியிட்டார்.

மரத்ததில் நன்மையே இல்லையென்று கூறேன். சமன் செய்தபின்னும் வீணையின் மந்தரம் அதிற் சற்றே செறிந்திருந்தது. சொப்ரானோ குரல்களின் கூர்மை தணிந்திருந்தது. இரண்டு மணி நேரம் அணிந்தும் காது நோகவில்லை. கைக்கும் கண்ணுக்கும் அது தந்த இன்பமும் மெய்யே. ஆனால் ஒரு மாதச் சம்பளத்துக்கு அவ்வளவு போதுமா என்பதை நண்பரே தீர்மானிக்கவேண்டும். அத்தீர்மானத்துக்கு உரிய உண்மையை அவருக்குத் தரவேண்டியது என் பொறுப்பு.

ஒன்பதாம் நாள் இரண்டாம் மடல் எழுதினேன். முதல் மடலை ஒரு மணி நேரத்தில் முடித்தவனுக்கு இதனை முடிக்க மாலை முழுதும் ஆயிற்று. 3 டெசிபெல்லையும், தேய்ந்த முனையையும், கேளாத செவியையும் மறையாமல் எழுதினேன். மறுநாள் நண்பர் நேரில் வந்தார். நல்லவேளையாகப் பணம் இன்னும் கைமாறவில்லை. பேழையை வாங்கிக்கொண்டு, "முதல் மடலிற் பொய் எழுதினீரா?" என்று ஒரே கேள்வி கேட்டார்.

"இல்லை, அன்று எனக்கு அப்படியே கேட்டது" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இதனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு மடல்களையும் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிச் சென்றார்.

பரிசோதனைச்சாலையில் எந்த அளவுகோலையும் கையாளுமுன் அதன் சுழிப்பிழையைக் குறித்துக்கொள்ளுமாறு நம் ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே கற்பிக்கின்றனர். யானும் இங்கே அதனைக் கற்றவனே. ஆனால் என் செவிக்கும் அப்பிழை உண்டென்பதைக் குறித்துக்கொள்ள எனக்கு இத்தனை ஆண்டுகளாயின. இதனைப் படிக்கும் இளைஞர் அதனை இன்றே குறித்துக்கொள்வாராக.