உறிஞ்சும் துப்பாக்கி

ஆழ்வார்திருநகரியில் பழைய ஆம்ப்ளிஃபையர்களோடு மல்லுக்கட்டும் நண்பர் ஒருத்தருக்குப் புது ஆசை.

செகண்ட் ஹேண்டில் ஒரு டீசோல்டரிங் ஸ்டேஷன், அதாவது சோல்டரை உருக்கி உறிஞ்சும் மெஷின்.

"கையில சக்கர் இருக்கே, போதாதா?"ன்னு வீட்டில் கேள்வி. ரெண்டு கால் ரெசிஸ்டருக்குப் போதும். 40 கால் ஐசியை அதை வச்சுக் கழற்றினா, போர்டின் செம்புத் தடமும் சேர்ந்தே பெயர்ந்து வரலாம். ஸ்டேஷனில் சூடான முனையே ஓட்டையுள்ளது. சோல்டர் உருகிய மறுகணம் பம்ப் உறிஞ்சிடும்.

பழைய 63/37 சோல்டர் 183 டிகிரியில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பா ஈயத்துக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகு பரவிய ஈயமில்லாத கலவைக்கு 217-க்கு மேல் வேணும். புது போர்டு அடம்பிடிப்பது இதனால்தான்.

ஸ்டேஷன் வாங்க நண்பருக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி. அப்புறம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு.

பழசு வாங்குறவங்க முதலில் பார்க்க வேண்டியது ரப்பர் வாஷர். ஆறிய முனையை விரலால் அடைத்து டிரிக்கரை அழுத்தினா பம்ப் சத்தம் மாறணும். மாறலைன்னா எங்கேயோ காற்று கசியுது. அடுத்து, முனைக்கும் பிளக்கின் எர்த் காலுக்கும் நடுவே மீட்டர் வச்சு, எர்த் தொடர்பு இருக்கான்னு பார்க்கணும். ஃபில்டர் அடைப்பெல்லாம் சின்ன செலவு.

ஜப்பான் உள்ளூர் மாடலா இருந்தா 100 வோல்ட். நம்ம 230-ல் நேரா செருகினா புகைதான்! ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனிச் செலவு. நண்பரோ அதையும் தானே சுத்திடுவாராம். அதுக்கு இன்னொரு மெஷின் கேட்பார் பாருங்க.

100 வோல்ட் மெஷினை ஊரில் ஓட்டுறவங்க யாராவது இருக்கீங்களா?