ஒரு கைப்பிடி உமி

2019, ஐப்பசி மாதம். மூன்று நாளாக விடாத மழை. பீடி இலை கட்டிவரும் பாலித்தீன் பைக்குள் ஒரு காகிதத்தை நனையாமல் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, கன்னடியன் கால்வாய் பாயும் ஊர் அவருடையது. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

"அய்யா, இதப் படிச்சுச் சொல்லுங்க. கோழிய எல்லாம் பதினஞ்சு நாளைக்குள்ள அப்புறப்படுத்தணுமாம். ஏவாரிகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு வந்து மொத்தமாப் பிடிச்சிட்டுப் போயிருவான்."

படித்தேன். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆம் பிரிவின்படி, பொதுத்தொல்லையை அகற்றச் சொல்லி நிர்வாக நடுவர் அனுப்பிய உத்தரவு அது. தெருவில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தார்கள். நாற்றம், ஈ, விடியுமுன் கூவும் சேவல் என்று மூன்று புகார்கள்.

"அக்கா, இது தீர்ப்பு இல்ல. சொன்னபடி செய்யுங்க, இல்லன்னா இந்தத் தேதிக்கு வந்து காரணம் சொல்லுங்கன்னுதான் போட்டிருக்கு. ஏவாரிய வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றேன். அவர் அதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. அரசு முத்திரை குத்திய காகிதம் வந்தாலே எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. நிபந்தனை உத்தரவுக்கும் இறுதி உத்தரவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமலே தோட்டத்தையும் தொழிலையும் விட்டுக்கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோழிகள் அவருக்கு என்ன என்பதை அன்று அவரே கணக்காகச் சொன்னார். மடியில் தட்டை வைத்துக்கொண்டு ஆயிரம் பீடி சுற்றினால்தான் ஒரு நாள் கூலி. அது அரிசிக்கும் மருந்துக்கும் சரியாகப் போய்விடும். சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு வாங்குவது முட்டைக் காசில். ஊரில் கோயில் கொடை வந்தால் சேவலுக்கு விலை ஏறும். வருடத்தில் ஒருமுறை மொத்தமாகக் கையில் பணம் பார்ப்பது அப்போதுதான். குடியிருக்கும் வீடு மாமியார் பேரில் இருந்தது. அவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே சொத்து அந்த 31 கோழிகள்தான்.

அவற்றில் பாதி அரசு கொடுத்தவை. 2018-இல் தமிழக அரசு கிராமப்புறப் பெண்கள் 77,000 பேருக்குத் தலா 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் தரும் திட்டத்தை அறிவித்தது. அதில் இவருக்கும் கிடைத்தது. மரநாயும் பருந்தும் கொண்டுபோனது போக மிஞ்சியவை, முன்பே இருந்த சிறுவிடைக் கோழிகளோடு சேர்ந்து வளர்ந்தன. ஒரு துறை 'வளர்த்துப் பிழையுங்கள்' என்று கையில் கொடுத்ததை இன்னொரு துறை 'அப்புறப்படுத்து' என்கிறதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அந்த ஆத்திரத்தை வாதமாக்கினால் வழக்கு நிற்காது. திட்டத்தில் கிடைத்த கோழி என்பதற்காக அடுத்த வீட்டுக்காரர் நாற்றத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மறுநாளே அந்த ஊருக்குப் போனேன். சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் புறவாசலைப் பார்த்துவிட்டேன் என்பதில் எனக்கு இன்றும் நிறைவு. நீளமான புழக்கடை, ஒரு வேப்பமரம், இரண்டு முருங்கை. கோழிக்கூடு கிழக்குச் சுவரோடு ஒட்டி, தரையோடு தரையாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு முழத்தில் அடுத்த வீட்டின் படுக்கையறை ஜன்னல். மழை ஒழுகிக் கூட்டுக்குள் எச்சமும் உமியும் சேறாகக் கிடந்தன. குனிந்தவுடன் கண் எரிந்தது. ஈரத்தில் எச்சம் புளித்தால் அமோனியா கிளம்பும். அந்த எரிச்சல் அதனால் வருவது.

மனு கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர். அந்த ஜன்னலுக்குப் பின்னால் வீசிங் உள்ள அவருடைய வயதான தாயார் படுத்திருந்தார். ஆசிரியர் கெட்டவர் இல்லை. அவருடைய புகாரும் பொய் இல்லை. அதை ஒப்புக்கொண்டு தொடங்கினால்தான் இந்த வழக்கை நேர்மையாக நடத்த முடியும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"அக்கா, நாத்தம் நிஜம். மொதல்ல கூட்ட மாத்துங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அந்த வாரமே கூடு மேற்கு மூலைக்குப் போனது. நான்கு கால் நட்டு இரண்டடி உயரத்தில் பலகை அடித்து, மேலே தகரம் போட்டார்கள். நெல் விளையும் ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. உமியோடு சுண்ணாம்புத் தூளைக் கலந்து பரப்பி, தினமும் கிளறிவிட்டு, நனைந்ததை அள்ளி வாழைக்குப் போடச் சொன்னேன். மூன்று சேவலில் இரண்டை அவரே விற்றுவிட்டார்.

இனிச் சட்டம். 133-ஆம் பிரிவு பொதுத்தொல்லைக்கானது. ஒரு தொழில் அக்கம்பக்கத்துச் சமூகத்தின் ஆரோக்கியத்துக்கோ உடல் சௌகரியத்துக்கோ ஊறு செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் உள்ள தகராறு தனியார் தொல்லை. அதற்கு இடம் உரிமையியல் நீதிமன்றம். மகாராஷ்டிரத்தில் குடியிருப்புப் பகுதியில் இருந்த மிளகாய் வற்றல் கிடங்கு பற்றிய கச்ருலால் வழக்கில், 2004-இல் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையைத் தெளிவாக வரைந்திருக்கிறது. இந்தப் பிரிவின்கீழ் முறைப்படி போட்ட உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்பதால், கவனத்தோடு கையாள வேண்டிய அதிகாரம் இது.

நான் பெரிதும் நம்பியது 139-ஆம் பிரிவை. இடத்துக்கே ஆளை அனுப்பி விசாரிக்கச் செய்யவும், துறை அறிந்தவரை அழைத்து விசாரிக்கவும் நடுவருக்கு அது அதிகாரம் தருகிறது. முதல் வாய்தாவிலேயே அதற்கு மனுப் போட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் ஆய்வு நடக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். கோடையில் பார்த்துவிட்டு 'காய்ந்திருக்கிறது' என்று சொன்னால் யாருக்கு நம்பிக்கை வரும்?

கார்த்திகையில் ஒரு தூறல் நாள். வருவாய் ஆய்வாளரும் கால்நடை உதவி மருத்துவரும் வந்தார்கள். ஆசிரியரும் வந்து சுவரோரம் நின்றார். மருத்துவர் கூட்டுக்குள் கைவிட்டு ஒரு கைப்பிடி உமியை அள்ளி, இறுக்கிப் பிடித்து, விரல்களை விரித்தார். உருண்டையாக நின்றால் ஈரம், உதிர்ந்தால் சரி. உமி அவர் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்து மண்ணில் விழுந்தது. பிறகு கூட்டின் நான்கு மூலையிலும் அதையே செய்தார். எல்லா இடத்திலும் உதிர்ந்தது. ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. போகும்போது, "இப்படியே இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

மருத்துவரின் அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் நடக்கும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாமில் இந்த அம்மா தன் கோழிகளுக்கு ஊசி போட்டிருந்தார். மருந்தகப் பதிவேட்டில் அது பதிவாகியிருந்தது. பொறுப்போடு வளர்ப்பவர் என்பதற்கு அதைவிட வேறு சாட்சியம் தேவைப்படவில்லை.

விசாரணையில் கையெழுத்துப் போட்டவர்களில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அந்தத் தெருவே இல்லை, வடக்குத் தெருக்காரர். இன்னொருவர், "எங்க வீட்டுக்கு நாத்தம் வரல. வாத்தியார் கேட்டாவ, போட்டுக் கொடுத்தேன்" என்றார். சமூகத்துக்கே தொல்லை என்ற கட்டு அங்கே அவிழ்ந்தது. 2020 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. பொதுத்தொல்லை நிரூபிக்கப்படவில்லை, மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது, கூடு மேற்கு மூலையிலேயே இருக்கும் என்று எழுதிக்கொடுத்த உறுதிமொழி பதிவு செய்யப்படுகிறது. அடுத்த மாதம் ஊரடங்கு வந்து பீடிக்கடை மூடிக் கிடந்தபோது, அந்த வீட்டில் உலை வைத்தது கோழிகள்தான்.

பெரிய பண்ணைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் தனியே இருக்கின்றன. அவை கண்டிப்பாக வேண்டும். இருபது முப்பது கோழி வளர்க்கும் பெண்ணுக்குத் தேவை, கூட்டை எங்கே வைப்பது என்று சொல்லித்தர ஒருவர். அந்தக் கூடு முதலிலேயே சரியான மூலையில் இருந்திருந்தால் இந்த வழக்கே இல்லை. குஞ்சு கொடுக்கும்போதே இடமும் காட்டிக் கொடுக்க வேண்டும் என்பது இந்த வழக்கில் நான் கற்றது.

1.7.2024 முதல் 133-ஆம் பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவாகவும், 139-ஆம் பிரிவு 158-ஆகவும் ஆகியிருக்கின்றன. எண்தான் மாறியிருக்கிறது, வழி மாறவில்லை. கோழி, ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் வியாபாரியைக் கூப்பிடாதீர்கள். அதில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்குப் போகாமல் இருக்காதீர்கள். போவதற்கு முன் கூட்டுக்குள் கையை விட்டு ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். அது உருண்டையாக நின்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.