ஊர்வலத் தெருவில் சிலம்பம்

சிலம்பாட்டக்காரர் களத்தில் இறங்கியதும் முதலில் நிகழ்த்துவது வணக்கமுறை. அதனைச் சலாம் வரிசை என்பாரும் உளர். சலாவரிசை என்பாரும் உளர். தமிழ்த்துறை மலரில் எழுதும் ஒருவர் இவ்விடத்தில் சொல்லாராய்ச்சியில் இறங்காமல் இருப்பது கடினமே. எனினும் அதனை மாணவச் செல்வங்களுக்கே விட்டுவிடுகிறோம். நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. கம்பைத் தாழ்த்தி, எழுப்பி, நாற்புறமும் திரும்பி வணங்கும் அந்தச் சிறு பொழுதில், நாற்புறமும் யார் யார் நிற்கின்றனர், எத்தனை அடி தொலைவில் நிற்கின்றனர் என்பதை ஆட்டக்காரர் கண்டுகொள்கிறார். நாம் சிறுவயதில் கம்பு பழகிய உஸ்தாது இதை ஒரு பாடமாகவே வைத்திருந்தார். “கம்பு சுத்துறவன் முதல்ல ஆள் நிக்கிற இடத்தைப் பார்க்கணும், தம்பி. அப்புறந்தான் கம்பைப் பார்க்கணும்” என்பார். வணக்கம் முடிந்தவுடன் எம்மைத் திரும்பிப் பார்க்க விடாமல், வலப்புறம் நின்றவர் எத்தனை பேர் என்று கேட்பார். விடை தவறினால் அன்றைக்குக் கம்பு கிடையாது, காலடி மட்டுமே.

சிலம்பம் இன்று புத்துயிர் பெற்று வருவது கண்டு மகிழாத தமிழர் இரார். 2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பள்ளிச் சிறுமியர் கம்பெடுத்து ஆடுவதைக் காண்கிறோம். நம் இளமையில் பெண்பிள்ளைகள் மாடத்துச் சன்னல் வழியே எட்டிப் பார்த்ததோடு சரி.

ஆனால் திடலில் ஆடும் சிலம்பம் ஒன்று. மாப்பிள்ளை ஊர்வலத்திலும் கந்தூரி விழாக்களிலும் நெரிசலான தெருவில் ஆடும் சிலம்பம் மற்றொன்று. பின்னதில் கம்பு சுழற்றுவதோடு இப்போது யாரும் நிறைவடைவதில்லை. கம்பின் இரு முனைகளிலும் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்துக் கொளுத்திச் சுழற்றுகின்றனர். மண்ணெண்ணெயை வாயில் கொண்டு தீயை ஊதுகின்றனர். குழல்விளக்குகளை மார்பில் அடித்து உடைக்கின்றனர். தரையில் ஒரு பையனைக் கிடத்தி, அவன் கழுத்தின்மேல் வெள்ளரிக்காயை வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவர் வாளால் வெட்டுகிறார். கூட்டம் ஆரவாரிக்கிறது. கைப்பேசிகள் உயர்கின்றன.

இவற்றின் இடம் எது என்பதே நம் கேள்வி.

முதலில் கம்பையே எடுத்துக்கொள்வோம். நெடுங்கம்பு ஆடுவோரின் நெற்றியளவு இருக்கவேண்டும் என்பது பொதுவான வழக்கு; நடுத்தர உயரமுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 5½ அடி. அதன் நடுவில் பிடித்து விநாடிக்கு 3 சுற்று சுழற்றினால், நுனி விநாடிக்குச் சுமார் 52 அடி செல்கிறது. அஃதாவது மணிக்கு 57 கிலோமீட்டர். நன்கு பழகியவர்க்கு இது அரிய வேகமன்று. ஓரத்தைப் பிடித்து ஒரு கையால் நீட்டிச் சுழற்றும்போது, கையின் நீளம் 2 அடி, கம்பு 5 அடி என 7 அடி எட்டுகிறது. வட்டத்தின் குறுக்களவு 14 அடி. கால் ஓரடி பெயர்ந்தால் 15 அடி. நம் பழைய ஊர்த்தெருக்களில் பல 12 அடிகூட இல்லை. இருமருங்கும் திண்ணை, திண்ணைமேல் முதியோர், அவர் மடியில் குழந்தைகள். கம்பு பிளவாதிருக்க முனையில் பித்தளைப் பூண் இடும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்து எண்ணுக.

நாம் வித்தைக் காட்சியை இகழ்பவர் அல்லோம். சிலம்பத்தில் போர்ச் சிலம்பம் உண்டு, அலங்காரச் சிலம்பம் உண்டு. பார்ப்போர் கண்ணுக்கு விருந்தாகச் சுழற்றுவதும் கலையே. எம் உஸ்தாதே பெருநாள் மாலைகளில் இரண்டு கம்புகளை இரு கைகளில் ஏந்திச் சுழற்றுவார்; நாங்கள் வாய்திறந்து நிற்போம். ஆயினும் அவர் பெருமையாகக் கருதியது அதனை அன்று. இருவர் எதிரெதிர் ஆடும்போது, எதிரியின் விலாவுக்கு ஒரு விரற்கடை முன்னே கம்பை நிறுத்துவதையே அவர் வித்தை என்றார். ஓங்கிய கம்பை ஓங்கிய வேகத்திலேயே நிறுத்துவதற்கு மணிக்கட்டும் தோளும் காலடியும் ஒருங்கே இணங்கவேண்டும். அடிப்பதற்கு இவற்றில் பாதி போதும். பழைய பந்தயங்களில் கம்பின் நுனியில் சாம்பலோ வண்ணப்பொடியோ தடவி, எதிரியின் உடலில் பதிந்த புள்ளிகளை எண்ணி வெற்றி கூறினர். தொட்டாலே போதும் என்னும் ஆட்டம் அது. இந்த நுட்பம் தெருவில் நின்று பார்ப்போர்க்குப் புலப்படுவதில்லை. தீ புலப்படுகிறது, கண்ணாடி உடையும் ஓசை கேட்கிறது.

2009ஆம் ஆண்டு, உறவினர் இல்லத் திருமணம் ஒன்றின் ஊர்வலத்தில் நாமும் நடந்தோம். பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் கம்பை மேலே எறிந்து, சுழன்று திரும்பிப் பிடித்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே திறமையானவர். இரண்டுமுறை பிடித்தார். மூன்றாம் முறை, வியர்த்த கையிலிருந்து கம்பு வழுக்கிப் பக்கவாட்டில் பறந்தது. கடையை அடைத்துவிட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்திருந்த தையற்காரர் ஒருவரின் இடக்கண்ணில் பூண் பாய்ந்தது. மதுரைக்குக் கொண்டுசென்றனர், பார்வை மீளவில்லை. அவர் தொழிலை விட்டுவிடவில்லை. ஆனால் ஊசியில் நூல் கோப்பதற்கு மகனை அழைக்கவேண்டியதாயிற்று. ஒரு கண்ணால் நோக்குவோர்க்கு அருகிலுள்ள பொருளின் தொலைவை அளப்பது அரிது என்பதை நாம் அவர் கடையில்தான் அறிந்தோம். காசாவுக்குக் கைவைத்துத் தைப்பவர், கத்தரியைத் துணியின் விளிம்பில் வைக்குமுன் விரலால் தடவிப் பார்த்துக்கொள்வார்.

அந்த இளைஞர் அதன்பின் கம்பைத் தொடவில்லை. அதுவும் ஓர் இழப்பே.

ஊரார் விதி என்றனர். திருமண வீட்டார் மருத்துவச் செலவை ஏற்றனர்; பகை வளராமல் பெரியவர்கள் பேசி முடித்தனர். விதியை மறுப்பது நம் கருத்தன்று. ஆனால் 12 அடித் தெருவில் 15 அடி வட்டம் சுழற்றலாம் என்று கணக்கிட்டது மனிதரே.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். கம்பெடுத்தவர் தம் உடலுக்கு நேரக்கூடிய தீங்கை அறிந்து, ஏற்று, களத்தில் இறங்குகிறார். திண்ணையில் இருப்பவர் எதையும் ஏற்கவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. வாளின்கீழ் கிடக்கும் பையனோ இவ்விருவருக்கும் இடைப்பட்டவன். அவனைக் கேட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் குழுவில் இளையவனே அங்கே கிடத்தப்படுகிறான். ஆசான் “படு, வாப்பா” என்று சொல்லும்போது, ஊர் முழுவதும் சூழ்ந்து நிற்க, பதின்மூன்று வயதுப் பிள்ளை எவ்வாறு மறுப்பான்? மறுக்கவியலாத இடத்தில் பெற்ற இசைவை இசைவு என்று கொள்வது நமக்கு உடன்பாடன்று.

துபாயில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் தொலைபேசியில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு செய்தி சொன்னார். அவருடைய அலுவலகத்தில் பணியாற்றும் கொலம்பியா நாட்டவர் ஒருவர் சால்சா ஆடுபவராம். கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ தீவுகளின் இசையும் ஆட்டமும் நியூயார்க் நகரத்தில் கலந்து 1960களிலும் 1970களிலும் அப்பெயர் பெற்ற இணையாட்டம் அது. மேடையில் ஆடும்போது துணையைத் தலைக்குமேல் தூக்குவதும், தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தலை வருமாறு சாய்த்து வீழ்த்தி ஏந்துவதும் உண்டு. ஆனால் பலர் கூடி ஆடும் மண்டபத்தில் அவ்வாறு செய்பவரை, எத்துணைத் திறமையாளராயினும், தேர்ந்தோர் மதிப்பதில்லையாம். துணையாக வந்தவர் அன்றுதான் அறிமுகமானவராக இருக்கலாம். அவருக்கு முதுகுவலி இருக்கலாம். அருகில் சுழலும் இணையின் முகத்தில் கால் படலாம். “நம்ம ஊர்வலக் கதைதான் சார், பாட்டு மட்டும் வேற” என்றார் மாணவர்.

இதனை ஒட்டிச் சிறிது படித்துப் பார்த்தோம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1926 முதல் 1958 வரை சவாய் என்றோர் ஆடல்மண்டபம் இருந்தது. சால்சாவுக்கு முந்திய லிண்டி ஹாப் என்னும் கறுப்பின மக்களின் ஆட்டம் அங்கே வளர்ந்தது. 1935இல் பிராங்கி மானிங் என்பவர், துணையைத் தம் முதுகின்மேலாகப் புரட்டி மறுபுறம் இறக்கும் அசைவைப் போட்டி ஒன்றில் நிகழ்த்திக் காட்டினார். அவ்வாட்டத்தில் வான்வழி அசைவுகள் என்று பின்னர் பெயர்பெற்றவற்றுக்கு அதனையே தொடக்கமாகச் சொல்கின்றனர். நம்மைக் கவர்ந்தது அந்த அசைவன்று. அவர் அதனை ஃபிரீடா வாஷிங்டன் என்னும் தம் துணையுடன் தனியே பலமுறை பழகி, இருவரும் உறுதிகொண்ட பின்னரே, சுற்றிலும் இடம் விட்டிருந்த போட்டிக்களத்தில் செய்தார் என்பதே. முதுகில் புரள வேண்டியவர் அதனை முன்னரே அறிந்திருந்தார். நம் வெள்ளரிக்காய்ப் பையனுக்கு அந்தப் பயிற்சி எத்தனை நாள் தரப்படுகிறது?

தீயைப் பற்றியும் ஒரு சொல். பந்தத்தில் தோய்த்த எண்ணெயை நன்கு உதறி வடித்த பின்னரே கொளுத்த வேண்டும். இல்லையேல் சுழற்சியில் எரியும் துளிகள் தெறிக்கும். செயற்கை இழைத் துணி பற்றினால் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். திருமண ஊர்வலத்தில் பருத்தி உடுத்தி வருவோர் எத்தனை பேர்? வாயால் தீ ஊதுபவரின் நுரையீரலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் இறங்கினாலும் கடும் அழற்சி உண்டாகும். பழைய குழல்விளக்குகளில் பாதரசம் உண்டு. உடைந்தவுடன் அதன் ஆவியும் உள்ளே பூசிய பொடியும் காற்றில் கலக்க, முன்வரிசைக் குழந்தைகள் அதனைச் சுவாசிக்கின்றனர். இது சிலம்பமே அன்று. எந்த ஆசானின் எந்த வரிசையில் குழல்விளக்கு இருந்தது?

இளைஞர் தரப்பையும் கூறவேண்டும். ஆபத்து இல்லாத சிலம்பம் சிலம்பமா என்று நம் வகுப்பிலேயே ஒரு மாணவர் கேட்டார், நல்ல கேள்வி. போர்க்கலையில் பிறந்த ஒன்றைப் பஞ்சுபொதிந்து வைக்க முடியாது. குழு நடத்தும் ஒருவர் வேறொரு கோணத்தில் சொன்னார்: “காக்கா, நெருப்பு இல்லேன்னா பேசின பணத்துல பாதிதான் தருவாங்க. அடிவரிசை மட்டும் ஆடினா எவன் நின்னு பார்க்கிறான்?” அவருக்கு ஆறு பிள்ளைகள் பழகுகின்றனர், அவர்களுக்குக் கம்பு, உடை, போக்குவரத்து எல்லாம் அந்தப் பணத்தில்தான். ஆகவே குறை முழுவதையும் ஆடுபவர்மேல் ஏற்றுதல் முறையன்று. பணம் தருபவர் தீயைக் கேட்கிறார். பார்ப்பவர் தீயைப் படமெடுக்கிறார்.

நம் ஊர் ஜமாஅத்தில் மூன்றாண்டுகளுக்கு முன்னர் இது பேசப்பட்டது. தடை செய்துவிடலாம் என்று சிலர் கூறினர். தடைசெய்தால் கலையே போய்விடும் என்று நாமும் வேறு சிலரும் மறுத்தோம். இறுதியில் ஓர் ஏற்பாடு அமைந்தது. ஊர்வலத்தில் கம்பை நிமிர்த்திப் பிடித்து அணிவகுத்து நடக்கலாம், சுழற்றுதல் இல்லை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பள்ளிக்கூடத் திடலில் 30 அடிக் குறுக்களவில் கயிறு கட்டி, கயிற்றுக்கு அப்பால் இரண்டடி தள்ளியே மக்கள் அமரவேண்டும். தீப்பந்தம் வேண்டுமெனில் மணல் வாளியும் நனைந்த சாக்கும் அருகே இருத்தல் வேண்டும். கண்கட்டு வெட்டும் குழல்விளக்கும் அறவே இல்லை. குழுவுக்குப் பேசிய தொகையைக் குறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொண்டோம். அதற்குத்தான் நெடுநேரம் வாதாட வேண்டியிருந்தது.

முதலாண்டு கூட்டம் மிகக் குறைவு. இரண்டு வீட்டார் ஏற்பாட்டைப் பொருட்படுத்தாமல் தெருவிலேயே ஆடச் செய்தனர். ஒருவர் இன்றும் நம்மோடு பேசுவதில்லை. இரண்டாம் ஆண்டு நிலைமை சிறிது மாறியது. இடம் விரிந்ததால் எதிரெதிர் ஆட்டம் ஆட முடிந்தது. தெருவில் அதற்கு வழியே இல்லாதிருந்தது. கம்போடு கம்பு மோதும் ஓசைக்குச் சிறுவர்கள் கைதட்டக் கண்டோம். சென்ற ஆண்டு ஒரு திருமணத்தன்று, கம்பை எறிந்து பிடிக்கும் ஆட்டத்தை ஓர் இளைஞர் ஆடினார். கை நழுவியது. கம்பு உருண்டு சென்று கயிற்றுக்கு நான்கடி உள்ளே நின்றது. கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்துக்கொண்டே ஓடிச்சென்று எடுத்து, கையை மணலில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் எறிந்தார்.